கையைக் கட்டிக்கொண்ட பத்து நிமிஷம்

முதலில் அம்மாவின் வலது காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற கால் அது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் இவர் மிதித்துக் காப்பாற்றலாம். அந்தப் பிரேக்கின் மேலேயே குடியிருந்து பழகிய கால், காரை விட்டு இறங்கிய பிறகும் சும்மா கிடக்காது. பேருந்தில் போனால் ஓட்டுநருக்கு முன்னால் அம்மா பிரேக் போட்டுவிடுவாள். வீட்டில் யாராவது கண்ணாடி டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்தால் போதும், மேஜைக்கு அடியில் 'தொம்' என்று கேட்கும்.

பெற்ற மகளுக்கு அந்தக் கால் ஆகவே ஆகாது. பதினெட்டு வயதில் அம்மாவிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தவள், முதல் தெருமுனை வருவதற்குள் ஏழு முறை பிரேக் வாங்கினாள். எட்டாவது முறை நடுரோட்டில் காரை விட்டு இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அதோடு விட்டாளா? வேறொரு பயிற்சிப் பள்ளியில், அதுவும் அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கு எதிர்வரிசையில் கடை விரித்திருந்த பள்ளியில் சேர்ந்து உரிமம் வாங்கினாள். அம்மாவுக்கு அது தீராத மனத்தாங்கல். அதன்பிறகு மகள் ஓட்டுகிற காரில் அம்மா ஏறியதில்லை, மகளும் கூப்பிட்டதில்லை.

பொறியியல் கல்லூரியில் அந்த மகளுக்கு மூளை என்று பெயர். கெட்டிக்காரி என்று மெச்சி வைத்த பெயர் அல்ல. போட்டிக்காகச் சுரங்க ரோபோ செய்கிற நால்வர் குழுவில், ரோபோ தானாக யோசித்து நடப்பதற்கான நிரலை எழுதுவது அவள் வேலை. மோட்டார், சக்கரம், சங்கிலி எல்லாம் ஸ்பேனர் என்பவனுடையது. மின்சாரமும் கேமராவும் ஒயர் என்கிற ஒல்லிப்பிச்சானுடையது. குழுவுக்குத் தலைவி அட்டவணை. எத்தனை மணிக்கு யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதைக்கூட அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

ரோபோவுக்கு எருமை என்று பெயர். கறுப்பு நிறம், நாற்பத்தாறு கிலோ எடை, நின்றால் நின்றதுதான் என்கிற சுபாவம். முன்பக்கம் ஒரு சங்கிலியில் சின்னச் சின்ன வாளிகளைக் கோத்திருந்தார்கள். சங்கிலி சுற்றச் சுற்ற அவை மண்ணைத் தோண்டி முதுகில் இருக்கும் தொட்டியில் கொட்டும்.

போட்டியும் லேசுப்பட்டதல்ல. கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய குழியில், நிலவின் மண்ணைப் போல மாவாக அரைத்த தூசியைக் கணுக்காலுக்கு மேல் கொட்டியிருப்பார்கள். அதற்கடியில் சரளைக்கல். ரோபோ பாறைகளைச் சுற்றிப் போய், தோண்டி, சரளையை அள்ளித் திரும்பி வந்து ஒரு பெட்டியில் கொட்ட வேண்டும். மொத்தம் பத்து நிமிஷம். ரிமோட் வைத்து ஓட்டினாலும் கல்லுக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் யார் கையும் படாமல் தானாகவே செய்து முடித்தால் அதைப் போல நாலு மடங்கு. அவசரத்துக்கு நிறுத்துவதற்காக ரிமோட்டின் முன்னால் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவர் ஒரு முறை அதைத் தொட்டாலும் அந்த நாலு மடங்கும் போச்சு.

போன வருஷம் அந்த நாற்காலியில் மூளைதான் உட்கார்ந்தாள். எருமை ஒழுங்காகப் போனது, ஒழுங்காகத் தோண்டியது, சரளையோடு திரும்பும்போது நட்டநடுவில் நின்றுவிட்டது. பத்து விநாடி ஆயிற்று, இருபது ஆயிற்று. தூசிப் புகைக்குள் அது செத்துப்போன மாதிரி கிடந்தது. மூளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியே ஓடாமல் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. முப்பத்தெட்டாவது விநாடியில் கை மட்டும் ஓடிப்போய் ரிமோட்டைப் பிடித்துவிட்டது. நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். இருபத்திரண்டு அணிகளில் அவர்களுக்குப் பத்தொன்பதாவது இடம்.

மோட்டார் சூடாகி நின்றுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஸ்பேனரும் அதையே நம்பினான். பாவம், மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்துத்தான் மூளை எருமையின் பதிவைத் திறந்து படித்தாள். தான் செய்கிற ஒவ்வொன்றையும் நேரம் போட்டு ஒரு வரி எழுதி வைக்கும்படி எருமையைப் பழக்கியிருந்தாள். பெட்டிக்கு மேலே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை ஒன்று நிற்கும். எருமை அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கும். நாலாவது நிமிஷத்தில் இப்படி எழுதியிருந்தது: 'தூசி. அட்டை தெரியவில்லை. காத்திருக்கிறேன்.' முப்பத்தேழு விநாடி கழித்து அடுத்த வரி: 'அட்டை தெரிகிறது. புறப்படுகிறேன்.' அதற்கும் ஒரு விநாடி கழித்துக் கடைசி வரி: 'ரிமோட். நிறுத்தம்.'

தூசி மறைத்தால் அடங்கும்வரை நில் என்று எருமைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அவளேதான். கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகையில் பலகை அடித்துச் செய்த பயிற்சிக் குழியில் அவர்கள் கொட்டியிருந்தது கல் உடைக்கிற இடத்துத் தூள். கிளம்பினாலும் மூன்று விநாடியில் பொத்தென்று அடங்கிவிடும். எருமை அங்கே நின்று நிதானித்தது யார் கண்ணிலும் பட்டதில்லை. போட்டித் தூசியோ முகப் பவுடர் மாதிரி மிதந்துகொண்டே இருந்தது. எருமை சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருக்கிறது. சொன்னவளுக்குத்தான் சொன்னது மறந்துபோயிற்று.

அந்தப் பதிவை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஓர் எண்ணம் அவளுக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஒரு முழு நாள் கூடவே இருந்தது. மறுநாள் கொட்டகைக்குப் போனபோது ஸ்பேனர் தரையில் உட்கார்ந்து, அதே மோட்டாரை மூன்றாவது தடவையாகப் பிரித்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை கிரீஸ்.

"அத விட்டுடு," என்றாள். "மோட்டார்ல ஒண்ணும் இல்ல."

"இருக்கு. என் கண்ணுக்கு இன்னும் மாட்டல, அவ்வளவுதான்."

"மோட்டார் நிக்கவே இல்லடா. எருமை தூசி அடங்கட்டும்னு காத்துக்கிட்டிருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்."

மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தான். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். 

"பன்னெண்டு நாளா நான் இந்த மோட்டாரத் திட்டாத திட்டு இல்ல," என்றான் கடைசியில். "வாய் கூசுற வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கேன். இதுகிட்ட நீயே மன்னிப்புக் கேளு."

கேட்டாள். அட்டவணையும் ஒயரும் வந்த பிறகு, அவர்கள் முன்னிலையில், தரையில் கிடந்த மோட்டாரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். அட்டவணை அதைத் தேதியோடு ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: 'மூளை மோட்டாரிடம் மன்னிப்புக் கேட்டது.' அந்த அட்டை வருஷம் முழுக்க அங்கேயே இருந்தது, யாரும் கிழிக்கவில்லை.

அந்த வருஷம் அவர்கள் முதலில் தேடியது தூசியைத்தான். நல்ல தூசி, லேசில் அடங்காத தூசி. அது வீட்டிலேயே இருந்தது. மூளையின் அப்பா பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவர். அங்கே பல் அச்சுகளைத் தேய்க்கும்போது கிளம்புகிற தூள் அவர் புருவத்தில் உட்கார்ந்து தினமும் வீட்டுக்கு வரும். ஒருநாள் அவர் சட்டையை உதறியபோது அந்தத் தூள் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே நிற்பதைப் பார்த்தவள், சாப்பிட்ட கையோடு எழுந்து வந்துவிட்டாள்.

"அப்பா, இது எவ்வளவு கிடைக்கும்?"

"இத்தனை வருஷமா இதக் கொண்டுவராதீங்கன்னு உங்கம்மா சண்டை போடுறா. இப்ப நீ மூட்டைக் கணக்குல கேக்குற," என்றார் அப்பா. ஆனால் நாலு மாதத்தில் ஆறு மூட்டை சேர்த்துக் கொடுத்தார். மூக்குக்கு முகமூடி போட்டுக்கொண்டு நாலு பேரும் அதைக் கொட்டகையில் பரப்பினார்கள். எருமை இப்போது ஐம்பது விநாடி வரை நின்றது. நிற்பதைப் பார்த்துப் பழகுவதற்கே மூளைக்கு ஒரு மாதம் பிடித்தது.

இரண்டாவதாக, எருமையின் தலையில் ஒரு விளக்கு வேண்டும் என்று ஒயரிடம் கேட்டாள். நடக்கும்போது பச்சை, காத்திருக்கும்போது மஞ்சள்.

"எருமைக்கு எதுக்கு விளக்கு? உன் மன ஆறுதலுக்கா?" என்றான் ஒயர்.

"ஆமா. உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா நான் பேசாம இருப்பேன்."

மூன்றாவது வேலையை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தொண்ணூறு விநாடி ஆகியும் தூசி அடங்காவிட்டால், ஒரு சாண் பின்னால் போய், கேமராவை இடமும் வலமும் திருப்பி மறுபடி தேடு என்று பதினொரு வரி எழுதிச் சேர்த்தாள். கொட்டகையில் தூசி ஒருநாளும் தொண்ணூறு விநாடி நிற்கவில்லை. அதனால் அந்தப் பதினொரு வரியும் ஒரு தடவைகூட ஓடிப் பார்த்ததில்லை.

போட்டிக்கு முந்தின வாரம், நாற்காலியில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது.

"ஒயர் உட்காரட்டும்," என்றாள் அட்டவணை. "தீப்பிடிச்சாலும் கொட்டாவி விடுற ஆளு. மூளை, தப்பா எடுத்துக்காதடி. நமக்கு இது கடைசி வருஷம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அது மூளைக்கும் தெரியும். அந்த நாற்காலி இல்லாமல் கல்லூரியை விட்டுப் போனால், தான் பெற்றதைத் தானே நம்பாதவள் என்ற பெயர் தன் மனசுக்குள்ளேயே தங்கிவிடும் என்பதும் தெரியும். அழுதுவிடக் கூடாதே என்று சுவரில் இருந்த அட்டைகளைப் படித்தாள்.

பேசியது ஸ்பேனர். "அவளே உட்காரட்டும். எருமை நின்னா நம்ம மூணு பேரும் செத்துடுச்சுன்னுதான் நெனைப்போம். அது என்ன நெனைக்குதுன்னு தெரிஞ்ச ஆளு இவ ஒருத்திதான்."

அட்டவணை அதை ஏற்றுக்கொண்டாள். புதிய அட்டை எழுதி ஒட்டினாள்: 'நாற்காலி: மூளை. கை: கட்டப்பட்டது.'

போட்டி நாளன்று அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். போன வருஷம் பயிற்சி வகுப்பு இருக்கிறது என்று வராத அம்மா, இந்த வருஷம் பயிற்சிக் காரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பார்வையாளர்களுக்கு மரப்பலகைப் படிகள் போட்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போட்ட ரிமோட் மேஜைக்கு நேர் பின்னால், மூன்றாவது படியில் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

மதியம் வரை ஓடிய பதினான்கு அணிகளில் ஒன்றுகூட ரிமோட்டைத் தொடாமல் முடிக்கவில்லை. ஒரு ரோபோ பாறையைக் கட்டிப்பிடித்தது. ஒன்று தோண்டிய குழியிலேயே படுத்துக்கொண்டது. பதினைந்தாவதாக எருமை உள்ளே இறங்கியது.

மூளை மடிக்கணினியில் புறப்பாட்டுப் பொத்தானை அழுத்தினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாயா என்று ஊரில் யாரையும் திட்டுவார்கள். இவளுக்கு அதுதான் வேலை. இதைவிடக் கடினமான வேலையை அவள் அதுவரை செய்ததில்லை.

எருமை பச்சை விளக்கோடு புறப்பட்டது. இரண்டு பாறைகளைச் சுற்றியது. மூன்றாவது பாறைக்கு முன்னால் சற்றே யோசித்து ஒதுங்கிப் போனதைப் பார்த்து அட்டவணை அவள் தோளைக் கிள்ளினாள். தோண்டும் இடம் வந்ததும் வாளிகள் சுற்ற ஆரம்பித்தன. தூசி மேகமாகக் கிளம்பிக் கண்ணாடி வரை வந்தது. உள்ளே சரளை தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு எருமை திரும்பியது, மூன்றடி வந்தது, நின்றது.

மூளை மஞ்சள் விளக்கைத் தேடினாள். காணவில்லை. மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. எருமையின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மொட்டை.

பின்னால் மரப்படியில் 'தொம்' என்று கேட்டது. திரும்பாமலே தெரிந்தது, அது யார் கால் என்று.

"விளக்கு எரியல," என்று கிசுகிசுத்தான் ஸ்பேனர்.

"கரண்ட் போயிருக்குமோ?" என்றாள் அட்டவணை.

எதற்கும் பதறாத ஒயர் கொட்டாவி விடவில்லை. அதைப் பார்த்ததும்தான் மூளைக்கு நிஜமாகவே பயம் வந்தது.

முப்பது விநாடி. முப்பத்தெட்டு. போன வருஷம் கை ஓடிய அதே விநாடி. கட்டிய கைக்குள் விரல்கள் சட்டையைப் பிடித்துப் பிசைந்தன. ஐம்பது. கொட்டகையில் பார்த்த கணக்கு அதோடு முடிந்தது. 'தொம்'. மறுபடி 'தொம்'. அறுபதில் நடுவர் அவள் பக்கம் வந்து நின்றார்.

"நிறுத்தப் போறியாம்மா?"

"இல்ல சார்."

குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. விளக்கு இல்லாவிட்டால் போகட்டும். எருமையின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்கைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? அவள் எழுதியதுதானே. மனசுக்குள் வரிவரியாகப் படித்துக்கொண்டு போனாள். அட்டையைப் பார். தெரியவில்லை. நில். மறுபடி பார். தெரியவில்லை. நில்.

"தொண்ணூறு வரைக்கும் அது உயிரோடதான் இருக்கு," என்றாள் மூன்று பேருக்கும் கேட்கும்படி. "யாரும் மூச்சு விடாதீங்க."

எண்பது. எண்பத்தைந்து. பின்னால் சத்தம் நின்றுபோயிருந்தது. எண்பத்தொன்பது.

தூசிக்குள் எருமை அசைந்தது. முன்னால் அல்ல, பின்னால். ஒரு சாண், அளந்து வைத்த மாதிரி ஒரு சாண் பின்னால் போய் நின்றது. கேமராவை இடப்பக்கம் திருப்பியது, வலப்பக்கம் திருப்பியது. யாருமே பார்த்திராத காரியம் அது. எழுதியவளும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பிறகு, கண்டுகொண்டேன் என்பது போலப் பெட்டியை நோக்கி நேராக நடந்தது.

ஸ்பேனர் கத்திய கத்தலில் நடுவர் ஒரு அடி தள்ளிப் போனார். பெட்டியில் சரளை கொட்டுகிற சத்தம் மூளையின் காதில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்து குழி முழுக்கக் கலங்கிப்போயிருந்தது. துடைப்பதற்குக் கையை எடுத்தால் எங்கே ரிமோட்டில் பட்டுவிடுமோ என்று கட்டிய கையைப் பிரிக்கவே இல்லை. அட்டவணைதான் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். மீதி நேரத்தில் எருமை இன்னொரு நடை போய் வந்தது. பத்தாவது நிமிஷம் மணி அடித்த பிறகும், "முடிஞ்சுதும்மா, கைய எடுக்கலாம்," என்று நடுவர் சொல்ல வேண்டியிருந்தது.

தானாக இயங்கியதில் முதல் இடம், மொத்தத்தில் இரண்டாம் இடம். பத்தொன்பதிலிருந்து இரண்டு. அட்டவணை அதை எழுத அட்டை இல்லாமல் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

எருமையை வெளியே தூக்கிவந்து துடைக்கும்போது, ஒயர் அதன் தலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினான். விரல் கனத்துக்கு அப்பியிருந்த தூசி சரிந்து விழுந்தது. அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும் மஞ்சள்.

"பாத்தீங்களா? எரியுது. என் ஒயர்மேல பழி போட்டீங்களே," என்று ஒயர் குதித்தான். "மூளை, என் ஒயருகிட்டயும் மன்னிப்புக் கேளு."

"நான் எங்கடா சந்தேகப்பட்டேன்? ஸ்பேனர்தான் சொன்னான். அவன் கேக்கட்டும்."

ஸ்பேனர் ஒரு கம்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு முறையாக மன்னிப்புக் கேட்டான்.

அம்மா படியிலிருந்து இறங்கி வந்தாள். நடை ஒரு மாதிரியாக இருந்தது. பார்த்தால் வலது கால் செருப்பின் வார் அறுந்துபோய்ச் செருப்பு கையில் இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆகும்? தொண்ணூறு விநாடியில பதினோரு பிரேக் போட்டேன். பதினோராவதுல பிஞ்சு போச்சு." அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். "நீ ஒண்ணுகூடப் போடல. இருபத்திரண்டு வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன். என்னால முடியாதுடி."

அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து மூளை கேட்டதில்லை. செருப்பை வாங்கிப் பார்த்தாள். ஆணி அடித்தால் சரியாகிவிடும் என்று ஏதோ சொன்னாள்.

வெளியே பயிற்சிக் கார் நின்றிருந்தது. அம்மா பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினாள். பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். அப்பா விழித்தார். வேறு வழியில்லாமல், முன்னால் கற்றுக்கொடுப்பவர் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"ஏங்க, அந்தப் பிரேக் மேல கால வைக்காதீங்க," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "அவ பாத்துப்பா."

மூளை இருக்கையைச் சரிசெய்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். கண்ணாடியில் அம்மா தெரிந்தாள். அறுந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் தெருமுனையில் ஒரு சரக்கு வண்டி குறுக்கே வந்தது. மூளை தானே பிரேக் போட்டு, அது போனதும் திரும்பினாள். பின்னாலிருந்து சத்தமே இல்லை. அதற்குள் அம்மாவின் கைப்பேசி அடித்தது. நாளைய வகுப்பைக் கேட்டு யாரோ பயிற்சிக்கு வருகிறவர்.

"காலையில பேசலாமா? கார்ல போய்க்கிட்டிருக்கேன்," என்றாள் அம்மா. "இல்லல்ல, நான் ஓட்டல. என் பொண்ணு ஓட்டுறா."